கடைசி பெஞ்சுக்காரர்கள்

மாணவர்கள் அவளுக்கு வைத்த பெயர் வளைகோடு. பொருளாதாரம் எடுப்பவள். எதைக் கேட்டாலும் கரும்பலகையில் ஒரு வளைகோடு போட்டுத்தான் பதில் சொல்லுவாள். விலை ஏறினால் ஒரு கோடு, கூலி இறங்கினால் ஒரு கோடு. பட்டப்பெயர் வைப்பதில் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள், சும்மா சொல்லக்கூடாது. கல்லூரி வைத்த பெயர் வேறு: தற்காலிக விரிவுரையாளர். பதினெட்டு வருஷமாகத் தற்காலிகம். அவள் வேலைக்குச் சேர்ந்த வருஷம் வாசலில் நட்ட மரத்தடியில் இப்போது முதல்வரின் கார் நிற்கிறது.

தற்காலிகம் என்றால் என்ன என்று தெரியாத புண்ணியவான்களுக்குச் சொல்கிறேன். வேலை ஒன்றுதான். அதே வகுப்பு, அதே விடைத்தாள் கட்டு, அதே தொண்டை வலி. சம்பளம் மட்டும் பாதி. விடுமுறை மாதங்களில் அந்தப் பாதியும் கிடையாது. ஆண்டுத் தொடக்கத்தில் கூப்பிட்டால் உள்ளே, கூப்பிடாவிட்டால் வீட்டில். பக்கத்து நாற்காலிக்காரருக்குக் காய்ச்சல் வந்தால் அவர் போர்த்திக்கொண்டு படுப்பார். இவளுக்குக் காய்ச்சல் வந்தால் மாத்திரையை விழுங்கிவிட்டு வந்து கோடு போட வேண்டும். துறைக் கூட்டத்தில் இவளுக்கு நாற்காலி உண்டு, வாக்கு கிடையாது. இதையெல்லாம் இவள் யாரிடமும் புலம்புவதில்லை. புலம்புகிற தற்காலிகத்தை அடுத்த வருஷம் கூப்பிட மாட்டார்கள்.

வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். அடுக்குமாடிகளில் நடுவில் மாட்டிக்கொண்டவர்களை இறக்கிவிடுகிற வேலை. "ஊர்ல இருக்கிறவனை எல்லாம் இறக்கிவிடறேன், உன்னை மட்டும் மேல ஏத்த முடியலை பாரு" என்பார். மகள் பள்ளிக்கூடத்தில் மேல்வகுப்பு படிக்கிறாள், வாய் கொஞ்சம் நீளம். "அம்மா, டைனோசர்கூட தற்காலிகம்தாம்மா, ஆனா அதுக்கு யாரும் வருஷா வருஷம் வேலை ஆர்டர் குடுக்கலை" என்று ஒரு நாள் சொன்னாள். சிரித்துவிட்டுக் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள் வளைகோடு.

அந்த வருஷம் விஷயம் முற்றிவிட்டது. துறைத் தலைவர் ஓய்வு பெற்றதில் ஒரு நிரந்தர இடம் காலியானது. ஒன்றே ஒன்று. நாற்பத்தைந்து வயது தாண்டினால் நிரந்தரத்துக்கு எடுப்பதில்லை என்பது அந்தக் கல்லூரி விதி, அவளுக்கு நாற்பத்து நான்கு முடியப் போகிறது. இது கிடைத்தால் உண்டு. இல்லாவிட்டால் சாகும்வரை தற்காலிகம், அதுவும் அவர்கள் மனசு வைத்தால்.

இனி அவள் இருந்த ஒரு சின்னக் குழுவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கல்லூரி ஆசிரியர்களைப் பற்றி ஓர் உண்மை சொன்னால் கோபித்துக்கொள்ளக்கூடாது. கதவைச் சாத்திவிட்டால் அந்த வகுப்பில் நடப்பது வேறு எந்த ஆசிரியருக்கும் தெரியாது. வெளியே வந்தால் எல்லோரும் ஒரே பாட்டுதான்: "இந்தப் பசங்களுக்கு என்னதான் எடுத்தாலும் ஏறாது." நாம் ஒழுங்காக எடுத்தோமா என்று ஒருவரும் வாயைத் திறப்பதில்லை.

மூன்று வருஷத்துக்கு முன் வேதியியல் சார்தான் வாயைத் திறந்தார். பெரிய மீசை, எரிந்து விழுகிற குணம், ஓய்வுக்குக் கொஞ்சம் வருஷம்தான் பாக்கி. ஆசிரியர் அறைக்குள் வந்து சுண்ணக்கட்டிப் பெட்டியை மேஜைமேல் டமாரென்று போட்டார்.

"முப்பது வருஷமா எடுக்கிறேன். இன்னைக்கு பாதி வகுப்பு தூங்கிடுச்சு. நான் நல்லா எடுக்கிறேனா, நாசமா எடுக்கிறேனான்னு சொல்றதுக்கு இந்தக் கட்டடத்துல ஒரு நாதி உண்டா?"

"நான் வேணும்னா வந்து கடைசி பெஞ்சுல உக்காரட்டுமா, சார்?" என்றாள் கணக்கு அக்கா. இவள் வளைகோட்டைவிட நாலு வயது மூத்தவள், நிரந்தரம், கணிதம் எடுப்பவள். இரண்டு பேரும் பல வருஷமாக ஒரே மேஜையில் சாப்பாட்டு டப்பாவைத் திறப்பவர்கள். வேதியியல் சார் ஒரு கணம் முறைத்தார். "வாங்கம்மா. ஆனா என்னைப் பார்க்காதீங்க. பசங்களைப் பாருங்க" என்றார்.

வளைகோடும் சேர்ந்துகொண்டாள், அதுவே வழக்கமாகிப் போனது. வாரம் ஒருவர் இன்னொருவர் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்காருவார். ஆசிரியர் என்ன செய்தார் என்று ஒரு வார்த்தை சொல்லக்கூடாது. பிள்ளைகள் என்ன செய்தார்கள் என்று மட்டும் சொல்ல வேண்டும். எந்த இடத்தில் பேனா நின்றது, எப்போது ஜன்னல் பக்கம் தலை திரும்பியது, யார் பக்கத்துப் பையனைப் பார்த்துக் காப்பியடித்தான். புதன்கிழமை சாயங்காலம் கடைசி மணி அடித்ததும் மூன்று பேரும் வேதியியல் ஆய்வகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் தராசு அறையில் கூடுவார்கள். துல்லியத் தராசுகள் வைத்திருக்கும் அறை. காற்றுப் பட்டால் எடை தப்பும் என்று அங்கே மின்விசிறியே கிடையாது. வேர்த்து ஊற்றும். அதனால்தான் வேறு யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள்.

உட்கார்ந்ததும் முதல் கேள்வி: "இந்த வாரம் எங்கே கவுந்தீங்க?" ஒவ்வொருவரும் சொல்லியே ஆக வேண்டும். நன்றாகப் போன வகுப்பைப் பற்றிப் பேச அங்கே தடை. யாராவது பெருமை பேச ஆரம்பித்தால் வேதியியல் சார், "அதைப் போய் உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லுங்கம்மா" என்பார். அவர் வைத்த இன்னொரு விதி: தராசு ரூமில் பேசியது தராசு ரூமோடு.

கணக்கு அக்கா ஒரு நாள் அங்கே ஒரு விஷயத்தைக் கொட்டினாள். ஒரு பருவம் முழுக்க ஓர் அத்தியாயத்தையே நடத்தாமல் விட்டுவிட்டாளாம். அவளுக்கே அது சரியாகப் புரியவில்லையாம். தேர்வில் அதிலிருந்து கேள்வி வந்து பிள்ளைகள் முழித்தபோது, "நான் எடுத்தப்ப நீங்க கவனிக்கலை" என்று அவர்கள் தலையிலேயே போட்டுவிட்டாளாம். சொல்லி முடித்துவிட்டு மூக்கைச் சிந்தினாள். மற்ற இரண்டு பேரும் அவளைத் திட்டவில்லை. வேதியியல் சார் போய் இயற்பியல்காரரிடம் கேட்டு வந்தார், வளைகோடு தனக்குத் தெரிந்ததைச் சொன்னாள், மூன்று புதன்கிழமையில் அக்காவுக்கு அந்த அத்தியாயம் பிடிபட்டது. மூன்று வருஷத்தில் மூன்று பேரும் உண்மையிலேயே நல்ல ஆசிரியர்களாகியிருந்தார்கள். அவர்களுக்கே அது ஆச்சரியம்.

வளைகோட்டின் முறையும் வந்தது. இரண்டாம் ஆண்டு வகுப்பு. விலை ஏறினால் வாங்குவது குறையும், அதைத்தான் வரைந்துகொண்டிருந்தாள். முந்தின நாள் முழுக்க விடைத்தாள் திருத்திய களைப்பு. கை தன்பாட்டில் கோட்டையே இடப்பக்கம் நகர்த்திப் புதிதாக ஒன்று போட்டுவிட்டது. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். வருஷம் முழுக்க வாயே திறக்காதவள்.

"மேடம், விலை மட்டும்தானே மாறுது? அப்ப கோடு நகராதுல்ல... அதே கோட்டுலதானே மேல போகணும்?"

சரியாகச் சொன்னாள். நூற்றுக்கு நூறு சரி. வளைகோட்டுக்குச் சுருக்கென்றது. வாய் முந்திக்கொண்டது: "அப்ப நீயே வந்து எடேன். நான் அங்க உக்காந்துக்கறேன்." வகுப்பு கொல்லென்று சிரித்தது. அந்தப் பெண் முகம் செத்துப்போய் உட்கார்ந்தாள். புத்தகத்தை மூடி வைத்தாள். மணி அடிக்கும்வரை திறக்கவில்லை.

பேருந்தில் போகும்போதுதான் வளைகோட்டுக்குத் தான் போட்ட கோடு கண்முன் வந்தது. அடிப்பாவி, உன் பெயரே வளைகோடு, அதிலேயே தப்பு, அதைச் சொன்னவளையும் மட்டம் தட்டிவிட்டு வருகிறாயே என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். அடுத்த வகுப்பில் முதல் வேலையாக எல்லோர் முன்னாலும் சொன்னாள்: "அன்னைக்கு அவ சொன்னதுதான் சரி. நான் போட்டது தப்பு. அதைவிடப் பெரிய தப்பு, அவளைக் கிண்டல் பண்ணது. மன்னிச்சுக்கோம்மா." பெண்ணைக் கூப்பிட்டுச் சுண்ணக்கட்டியைக் கையில் கொடுத்தாள். அவள் தயங்கித் தயங்கி வந்து சரியான கோட்டைப் போட்டாள். அதற்குப் பிறகு அந்தப் பெண் கேள்வி கேட்காத நாளே கிடையாது. தொல்லையே தாங்கவில்லை. வளைகோட்டுக்கு அந்தத் தொல்லை அவ்வளவு பிடித்திருந்தது.

புதன்கிழமை இதையும் தராசு அறையில் ஒன்று விடாமல் சொன்னாள். வேதியியல் சார் மீசையை நீவிக்கொண்டு, "மன்னிப்புக் கேட்டீங்க பாருங்க, அங்கதாம்மா நீங்க வாத்தியார்" என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வருவது அபூர்வம்.

இதற்கிடையில் யாரோ முதல்வரின் காதில் ஓதிவிட்டார்கள். மூன்று பேர் வாராவாரம் விசிறிகூட இல்லாத அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்காருகிறார்கள், நிர்வாகத்துக்கு எதிராக ஏதோ திட்டம் போடுகிறார்கள் என்று. முதல்வர் கணக்கு அக்காவைக் கூப்பிட்டார். மூன்று பேரில் அவருக்குப் பழக்கமானவள் அவள்தான். அரை மணி நேரம் கழித்து அக்கா முகமெல்லாம் பல்லாக வெளியே வந்தாள்.

"பயந்துட்டே போனேன்டி. எல்லாத்தையும் எடுத்துச் சொன்னேன். மனுஷன் அப்படியே குளிர்ந்துட்டாரு. கல்லூரிக்குத் தரம் பார்க்க ஆளுங்க வராங்களாம், இதைப் பெரிசாக் காட்டலாம்ங்கறாரு. இனிமே எல்லாத் துறைக்கும் இது உண்டாம். சக ஆசிரியர் வழிகாட்டல் குழுன்னு பேருகூட வச்சுட்டாரு!"

"நல்லதுதானேக்கா" என்றாள் வளைகோடு. மனசுக்குள் ஒரு நப்பாசைகூட எட்டிப் பார்த்தது. முதல்வருக்குக் குழு பிடித்துப்போயிருக்கிறது, அதை ஆரம்பித்த மூவரில் அவளும் ஒருத்தி, நேர்காணல் வேறு பக்கத்தில் வந்துவிட்டது. வீட்டுக்காரரிடம் சொன்னாள். அவர் அன்றைக்கே அவளுக்குப் புதுச் செருப்பு வாங்கி வந்தார். "நேர்காணலுக்குத் தேய்ஞ்ச செருப்போட போகக்கூடாது" என்றார்.

வேதியியல் சார் மட்டும் உறுமினார். "காட்டறதுக்குன்னு ஆரம்பிச்சா கவுந்ததை எவன்மா சொல்வான்?"

நேர்காணல் அறையில் மூன்று பேர். முதல்வர், நிர்வாகச் செயலர், வெளியிலிருந்து வந்த பாட நிபுணர் ஒருவர். முதல் இருபது நிமிஷம் ஜோராகப் போனது. நிபுணர் கேட்ட கேள்விக்கெல்லாம் வளைகோடு பளிச்சென்று பதில் சொன்னாள். கோடு போடக் கை துடித்தது, பலகை இல்லாததால் காற்றிலேயே போட்டுக் காட்டினாள். நிபுணர் சிரித்தார். அப்போது செயலர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"ரெண்டாம் வருஷத்துக்குப் பாடத்தையே தப்பா நடத்திட்டு, தப்புன்னு சொன்ன பொண்ணையும் வகுப்புல வச்சு அவமானப்படுத்தினீங்களாமே?"

ஆசிரியர்களில் இது மூன்று பேருக்குத்தான் தெரியும். முதல்வரைப் பார்த்தாள். அவர் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். நிபுணர் நல்ல மனுஷர், அவளுக்கு ஒரு கதவைத் திறந்துவிட்டார்.

"பசங்க ஏதாவது கதை கட்டியிருப்பாங்க. அப்படி ஒண்ணும் நடந்திருக்காது, இல்லையாம்மா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான் வேண்டியிருந்தது. வேறு எந்த ஆசிரியராக இருந்தாலும் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு வந்திருப்பார், நானாக இருந்தாலும் சொல்லியிருப்பேன். ஆனால் மூன்று வருஷமாகப் புதன்கிழமை தவறாமல் "எங்கே கவுந்தீங்க" என்று கேட்டுக் கேட்டுப் பதில் சொல்லிப் பழகிய வாய் அது.

"நடந்தது, சார்" என்றாள். "ஆனா அடுத்த வகுப்புல நான்..."

"போதும்மா" என்றார் செயலர். "ஒத்துக்கிட்டீங்களே, அதுவே போதும். நீங்க போகலாம்."

அந்தப் பெண் இப்போது எப்படிக் கேள்வி கேட்கிறாள் தெரியுமா சார் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அதற்குள் அடுத்தவரை உள்ளே அனுப்பச் சொல்லி மணி அடித்துவிட்டார்கள். புதுச் செருப்பு கடிக்க, தாழ்வாரம் முழுக்க நொண்டிக்கொண்டு நடந்தாள்.

இடம் அடுத்து உள்ளே போனவருக்கே கிடைத்தது. வேறெங்கோ வேலை பார்த்தவர், நல்ல சட்டை, கணீர்க் குரல். வகுப்பு எடுக்கும்போது என்ன சிரமம் வரும் என்று கேட்டார்களாம். "இதுவரைக்கும் என் வகுப்பு ஒண்ணுகூட சோடை போனதில்லை, சார்" என்றாராம். ஒரே வகுப்புகூடவா, அட கடவுளே! அதைக் கேட்டு நேர்காணல் செய்த மூன்று பேரும் தலையாட்டினார்களாம்.

மறுநாள் மதியம் சாப்பாட்டு மேஜையில் வளைகோடு டப்பாவைத் திறக்கவில்லை. கணக்கு அக்கா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்கதானேக்கா சொன்னீங்க?"

அக்கா கையிலிருந்த உணவு கையிலேயே நின்றது. "சத்தியமா உன்னைப் புகழ்ந்துதான்டி சொன்னேன். அவர் சந்தேகப்பட்டுக் கேட்டாரு, நாங்க பாடத்தைப் பத்தித்தான் பேசறோம்னு நிரூபிக்கணும்ல. ஓர் உதாரணம் சொன்னேன். எவ்வளவு நேர்மையா இருக்கான்னு... மன்னிப்புக் கேட்டதையும் சொன்னேன்டி. அதை அவர் காதுல வாங்கலைன்னா நான் என்ன பண்ணட்டும்?"

உதாரணம்! உதாரணம் சொல்லாமல் ஆசிரியர் இனத்தால் வாயைத் திறக்கவே முடியாது. வகுப்பில் வந்த பழக்கம், முதல்வர் அறையிலும் விடவில்லை.

"உதாரணம்தானேக்கா வேணும்? உங்க கதையைச் சொல்லியிருக்கலாமே. நடத்தாம விட்ட அந்த அத்தியாயத்தை."

அக்கா கையிலிருந்ததை டப்பாவிலேயே போட்டாள்.

"உங்களுக்கு நிரந்தரம். அதைச் சொல்லியிருந்தா உங்களுக்கு ஒண்ணும் ஆகியிருக்காது. ஆனா அது ஞாபகத்துக்கே வரலை, இல்லையா? என்னோடதுதான் சட்டுனு வந்தது."

கணக்கு அக்கா அழுதாள். சத்தமில்லாமல், சோற்றில் சொட்டச் சொட்ட அழுதாள். வழக்கமாக அவள் கண் கலங்கினாலே முதுகைத் தடவிக்கொடுக்கிற வளைகோடு அன்றைக்குக் கையை மடியிலேயே வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து டப்பாவை எடுத்துக்கொண்டு வேறு மேஜைக்குப் போனாள். அதன்பிறகு அவர்கள் சேர்ந்து சாப்பிடவில்லை.

வீட்டில் யாரும் எதுவும் கேட்கவில்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. வீட்டுக்காரர் செருப்பைத் துடைத்து, அட்டைப்பெட்டியில் போட்டு, பரண்மேல் வைத்தார். வாயாடி மகள் அன்றைக்குத் தானாகவே பாத்திரம் கழுவினாள்.

புதுக் கல்வியாண்டு தொடங்கியது. வளைகோட்டை மறுபடியும் தற்காலிகமாகக் கூப்பிட்டார்கள். கூடவே ஒரு கௌரவமும் கொடுத்தார்கள்: சக ஆசிரியர் வழிகாட்டல் குழுவின் ஒருங்கிணைப்பாளர். "இதுல உங்களைவிட அனுபவம் யாருக்கு இருக்கு?" என்றார் முதல்வர், கொஞ்சமும் கூசாமல். சரி என்றாள். முடியாது என்று சொல்கிற தற்காலிகத்தையும் அடுத்த வருஷம் கூப்பிட மாட்டார்கள்.

முதல் கூட்டம் கருத்தரங்கக் கூடத்தில். ஏசி, பிஸ்கட், பின்னால் பெரிய பதாகை. எல்லாத் துறையிலிருந்தும் ஆட்கள். முன்வரிசையில் புது நிரந்தரம். தரம் பார்க்க வந்தவர்கள் முதல்வரோடும் செயலரோடும் ஓரத்தில் உட்கார்ந்திருக்க, அலுவலக ஆள் ஒருவர் செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார். கணக்கு அக்கா ஒரு தூணுக்குப் பக்கத்தில் தலை குனிந்திருந்தாள். வேதியியல் சார் கடைசி வரிசை.

வளைகோடு எழுந்து முதல் கேள்வியைக் கேட்டாள். "இந்த வாரம் எங்கே கவுந்தீங்க" என்று கேட்கவில்லை. "இந்த வாரம் வகுப்பெல்லாம் எப்படிப் போச்சு?" என்று கேட்டாள்.

அருமை என்றார் புது நிரந்தரம். திருப்தி என்றார் ஒருவர். பசங்க ஒத்துழைப்பு பிரமாதம் என்றார் இன்னொருவர். கணக்கு அக்கா, "நல்லாப் போச்சு" என்று முணுமுணுத்தாள். வேதியியல் சார் எழுந்து, "ஏசி நல்லா இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

அப்போதுதான் விலங்கியலுக்குப் புதிதாக வந்திருந்தவர் எழுந்தார். ஏதோ கம்பெனியில் இருந்துவிட்டு நடுவயதில் கற்பிக்க ஆசைப்பட்டு வந்த மனுஷன். அவரும் தற்காலிகம்தான். கையில் ஒரு கைக்குட்டையைச் சுருட்டி வைத்திருந்தார்.

"மேடம், இங்க மனசு விட்டுப் பேசலாம்னு சொன்னாங்க. நேத்து என் வகுப்புல ஒரு பெரிய தப்பு நடந்துபோச்சு. எனக்கு என்ன பண்றதுன்னே தெரியலை. ஒரு பையன் கேட்டான், நான்..."

செயலரின் கண்ணாடி அந்தப் பக்கம் திரும்பியது. செல்போனும் திரும்பியது. வளைகோடு அதைப் பார்த்தாள். அடுத்த வார்த்தை அந்த மனுஷன் வாயிலிருந்து வருவதற்குள் தடுத்தாக வேண்டும். தடுக்க அவளுக்கு ஒரு வழிதான் தெரிந்தது.

"உங்க வகுப்பு நல்லாத்தான் போயிருக்கு, சார்" என்றாள், கூடத்துக்கே கேட்கும்படி, சிரித்துக்கொண்டு. "புதுசுல எல்லாருக்கும் இப்படித்தான் தோணும். கதை சொல்ல இப்ப நேரமில்லை. உக்காருங்க."

நாலு பேர் சிரித்தார்கள். விலங்கியல்காரர் வாயை மூடிக்கொண்டார். கைக்குட்டையைப் பையில் திணித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார். அதற்கப்புறம் கூட்டம் முடியும்வரை நிமிரவில்லை. அந்த முகம் வளைகோட்டுக்குத் தெரிந்த முகம். அன்றைக்குக் கடைசி பெஞ்சில் புத்தகத்தை மூடி வைத்த பெண்ணின் முகமும் இதேதான். இந்த முறை மன்னிப்புக் கேட்க அடுத்த வகுப்பு என்று ஒன்று கிடையாது.

"அடுத்தது யாரு?" என்று கேட்டாள்.